அவுட்கோயிங் இல்லாத உலகம்மாள்

நம்புகிறவர்கள் ஒன்றை அழுத்துங்கள், நம்பாதவர்கள் இரண்டை அழுத்துங்கள், எதை அழுத்தினாலும் வரப்போவது இந்தக் கதைதான், கம்பெனிக்காரன் வழக்கமும் அதுதானே. குற்றாலமலை கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் அதன் சாரல் ஒரு சொட்டுக்கூட வந்து விழாத தூரத்தில் இருக்கிற கடம்பன்குளத்தில், கருவாடு விற்கிற உலகம்மாளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனில் அவுட்கோயிங் நின்றது, வெயில் உச்சிக்கு வருவதற்குள் வாயிலும் நின்றது.

கம்பெனி பேர் எதற்கு? பேர் மாறினாலும் போர்டு கலர் மாறினாலும் உள்ளே இருப்பது ஒரே வாய்தான். சிம்மை விற்கும்போது தேன் ஒழுகும், குறை சொல்லப் போனால் பாட்டுப் பாடும்.

உலகம்மாள் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்று “நெத்திலீ, சாளே, வாளே” என்று அவள் ஒரு இழுப்பு இழுத்தால் மூன்றாவது தெருவில் உறங்குகிற பூனை எழுந்து உடம்பை முறிக்கும், காது கேளாத கிழவன்கூட அரிவாள்மணையை எடுத்து வைக்கச் சொல்லி மருமகளைக் கூப்பிடுவான். வசவிலும் அவளுக்கு ஈடு கிடையாது. அவளிடம் வசவு வாங்குகிறவன் பாதியில் எழுந்து போகமாட்டான், அடுத்து என்ன வரும் என்று கேட்கிற ஆசை அவனை நிறுத்தி வைக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் வந்தது அந்த வாயால், ரேசன் கடைக்காரன் தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த புளியைச் சுரண்டி எடுத்தது அந்த வாயால், ஊர் வழியாக வராமல் புறவழியில் ஓடிய பஸ்ஸை மறித்துத் திருப்பியதும் அந்த வாய்தான். ஊர் அவளுக்குப் பயந்தது, பயந்துகொண்டே அவளை முன்னால் தள்ளிவிட்டது.

அவள் புருசன் சப்பாணிமுத்து, பேச்சு எல்லாவற்றையும் பெண்டாட்டிக்கே எழுதி வைத்துவிட்ட மாதிரி மனுசன். அவனுக்கு மூத்தவள் முப்பிடாதி. “அக்கா சொன்னாச் சரிதான்” என்பதுதான் அவன் ஆயுளில் பேசிய நீளமான வாக்கியம். அந்த முப்பிடாதியின் மகன் பூல்பாண்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அதே கம்பெனியின் கடையை வைத்திருந்தான், கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு காத்தாடி, சுவரில் பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண் படம். உலகம்மாளின் ஒரே மகள் செண்பகத்தின் நம்பரை அவன் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை, அவன் கடையில்தானே அவள் சிம் வாங்கினாள். சாப்பிட்டியா, என்ன கலர் துணி உடுத்தியிருக்க, ஏன் எடுக்க மாட்டேங்க என்று விடிந்ததிலிருந்து அடைகிறவரை கூப்பிட்டான். செண்பகம் சிம்மைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு சிம் வாங்கினாள். ஊரில் இருந்தது அந்த ஒரே கடை, ஆகையால் புது நம்பர் அவளுக்குத் தெரியுமுன்னே அவனுக்குத் தெரிந்திருந்தது. தையல் கம்பெனியில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் பக்கத்தில் போன் உறுமிக்கொண்டே கிடக்கும், சூப்பர்வைசர் முறைப்பான். ஊர்ச்சனமோ முறை மாப்பிள்ளைதானே, அத்தை மகன் கூப்பிட்டால் என்ன தேய்ந்தா போகும் என்றது.

உலகம்மாள் அப்படிச் சொல்லவில்லை. கூடையோடு போய் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, இரண்டு பஸ் ஜனமும் கேட்க, “ஏலே பூல்பாண்டி, எம்மவளக் கெணத்துக்குக் குடுத்தாலும் குடுப்பேன், ஒனக்குக் குடுக்க மாட்டேன்” என்றாள். இன்னும் நிறையச் சொன்னாள், அதெல்லாம் எழுத்தில் வராது.

பூல்பாண்டி கண்ணாடிக் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டான். மாதக் கடைசி வந்தது, கம்பெனி கொடுத்த டார்கெட் நிறையவில்லை, யார் யார் போனிலோ காலர்டியூன் பாட்டு ஏற்றுவதுபோல அத்தை போனிலும் ஒரு பாட்டை ஏற்றிவிட்டான். யார் கூப்பிட்டாலும் அந்தப் பாட்டுக் கேட்கும், கூப்பிடப்பட்டவளுக்கு மட்டும் கேட்காது. தூத்துக்குடி கருவாட்டு மண்டிக்காரர்தான் அவளிடம், வயசான காலத்தில் இப்படி ஒரு காதல் பாட்டை வைத்திருக்கிறாயே உலகம்மா, சப்பாணிமுத்துவுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவளுக்கு விளங்கி முடிப்பதற்குள் அந்தப் பாட்டு அவள் ரீசார்ஜை எலி சோளத்தைத் தின்கிற மாதிரி கொறித்து முடித்திருந்தது. மண்டிக்குச் சரக்குச் சொல்ல முடியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், வெளியே போகிற அழைப்பு நின்றது.

கஸ்டமர்கேருக்கு மட்டும் போகும். போட்டாள். ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். நான்கை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். ஒன்பதை அழுத்தியபோது முதலில் இருந்து ஆரம்பித்தது. அடுப்பில் சோறு பொங்கி, வடித்து, ஆறி, அவள் கூடையைக் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டி, வீணைச் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன பிறகு ஒரு பையன் வந்து, சொல்லுங்க மேடம், உங்களுக்கு எந்த விதத்தில் உதவலாம் என்றான். சொன்னாள். பாட்டை நீங்கள் கேட்டுத்தான் வைத்திருக்கிறோம் மேடம் என்றான். நான் எங்கேடா கேட்டேன் என்றாள். சிஸ்டத்தில் கேட்டதாக இருக்கிறது மேடம் என்றான். அப்போதுதான் உலகம்மாள் வாயைத் திறந்தாள். அவன் சிஸ்டத்தை, அந்தச் சிஸ்டத்தைப் பெற்ற சிஸ்டத்தை, வீணை வாசித்தவனை, வாசிக்கச் சொன்னவனை, ஒன்பதாம் நம்பரைக் கண்டுபிடித்தவனை, ஒருத்தரையும் விடாமல் இருக்கிற சாதிக் கருவாட்டோடு எல்லாம் சேர்த்து வைது தீர்த்தாள். தெருவே வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து கேட்டது. எல்லாம் கேட்டு முடித்து அந்தப் பையன் கொஞ்சமும் குரல் உயராமல், உங்கள் அவுட்கோயிங் சேவை முழுமையாக நிறுத்தப்படுகிறது மேடம் என்றான். போன் அணைந்தது.

உலகம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்து, பாத்தியாட்டி இந்தப் பயலை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

“வணக்கம். தமிழில் தொடர ஒன்றை அழுத்தவும்.”

வந்தது அவள் வாயிலிருந்து, அசைந்தது அவள் உதடு, குரல் மட்டும் எந்த வெயிலும் படாத, எந்தத் தெருவிலும் கூவாத ஒரு சின்ன வயசுக்காரியின் குரல். செண்பகத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தாயின் நெற்றியில் விரலை வைத்து ஒரு தடவை அழுத்தினாள். உலகம்மாள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, வாய் சந்தோசமாகச் சொன்னது: “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது.”

மத்தியானம் சப்பாணிமுத்து சாப்பிட உட்கார்ந்தான், குழம்பில் உப்புக் கம்மி என்று முணுமுணுத்தான். முணுமுணுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், அடுத்து வருவது அவனுக்குப் பழக்கம். வந்ததோ வேறு. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம் என்றது பெண்டாட்டி வாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரிடமும் வருந்தியது கிடையாது. சப்பாணிமுத்து கண் கலங்கி, உப்பில்லாத குழம்பை மறுபடியும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டான். எதனால் இப்படி ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை, நல்லது நடந்தால் காரணம் கேட்கக் கூடாது என்பது அவன் கொள்கை.

ஊரும் கேட்கவில்லை. பெண்கள் வந்து பார்த்தார்கள், தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள், சிலர் நெற்றியில் ஒன்றையும் இரண்டையும் அழுத்திப் பார்த்தார்கள், எவ்வளவு மரியாதையாப் பேசுதா பாரேன் என்று ஒருத்தி சொல்ல, இந்தக் குரல் இவளுக்கு ஆண்டவன் ஆரம்பத்திலேயே கொடுத்திருக்கலாம் என்றாள் இன்னொருத்தி. இதையெல்லாம் உலகம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்கமிங் இருந்தது, அதற்குக் குறைவில்லை. முன்பு அவளுக்கு எதிரே வாயைத் திறக்கப் பயந்தவர்கள் எல்லாம் அவள் முகத்துக்கு நேரே வந்து, அவளைப் பற்றி இத்தனை வருசம் நினைத்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லச் சொல்ல அவளுக்குள் பதில் ஊறும், தொண்டைவரை வரும், அங்கே யாரோ கதவைச் சாத்துவார்கள், அந்தச் சின்னக்குட்டி குரல் முந்திக்கொண்டு நன்றி சொல்லும். வெளியே போகாத வசவு எங்கே போகும்? வயிற்றில் இறங்கியது. கோணிப்பையில் திணிக்கத் திணிக்கக் கருவாடு இறுகுகிற மாதிரி உள்ளே இறுகியது. ராப்பகல் இல்லாமல் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வியாபாரம் படுத்தது. தெருமுனையில் நின்று நெத்திலி என்று இழுக்க வாயைத் திறந்தால், அன்பான வாடிக்கையாளரே, உங்களுக்காக ஒரு சிறப்புச் சலுகை என்று வந்தது. ஜனம் சலுகை என்றதும் ஓடிவந்து கூடையைச் சூழ்ந்துகொள்ளும், அது என்ன சலுகை என்று கேட்கும், நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று அவள் வாய் சொல்லும், கருவாடு வாங்காமலே திருப்தியோடு திரும்பிப் போகும். பூனைகள் மட்டும் ஏமாறவில்லை, ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

செண்பகம் தாயைக் கூட்டிக்கொண்டு பூல்பாண்டி கடைக்குப் போனாள், வேறு கடை இல்லை. சர்வர் டவுன் என்றான். மறுநாள் போனார்கள். சர்வர் வந்துவிட்டது, சிஸ்டம் தூங்குது என்றான். அதற்கடுத்த தடவை கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, அத்தை குரல் பிளாக் ஆகியிருக்கிறது, திறந்துவிடலாம், சின்ன விசயம்தான், கஸ்டமர் தன் சொந்தக் குரலில் என் குரலைத் திறந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிஸ்டம் பிடித்துக்கொள்ளும் என்றான்.

“குரலுதானே அத்தான் போயிருக்கு, எப்படிச் சொல்லுவா?” என்று கேட்டாள் செண்பகம்.

“அதான் புரொசீஜர்” என்றான் பூல்பாண்டி. “நீ மட்டும் நான் கூப்பிடும்போது போனை எடுத்திருந்தா நான் மேலிடத்துல பேசியிருப்பேம்லா.”

உலகம்மாள் அவனைப் பார்த்தாள். வயிற்றில் கிடந்த வசவு மொத்தமும் எழுந்து நின்றது. வாயைத் திறந்தாள், தங்கள் பொறுமைக்கு நன்றி என்றது வாய். பூல்பாண்டி சிரித்துவிட்டு, பரவாயில்லை அத்தை என்றான்.

செண்பகம் விடவில்லை. வீட்டுக்கு வந்து தன் போனிலிருந்து கஸ்டமர்கேருக்குப் போட்டாள். வீணை முடிந்து ஒரு பெண்பிள்ளை வந்து, கஸ்டமர் யாரோ அவர்களிடம் போனைக் கொடுங்கள், நாங்கள் நேரடியாகத்தான் பேசுவோம் என்றது. போனைத் தாயின் காதில் வைத்தாள். போனிலிருந்து ஒரு குரல் வணக்கம் சொன்னது, தாயின் வாயிலிருந்து அதே குரல் வணக்கம் சொன்னது. எல்லாப் பிரதிநிதிகளும் பிஸியாக இருப்பதாகப் போன் சொல்ல, எல்லாப் பிரதிநிதிகளும் பிஸியாக இருப்பதாக வாயும் சொன்னது. இணைப்பில் காத்திருக்கவும் என்றது அது, காத்திருக்கவும் என்றது இது. இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றி சொல்லி, ஒன்றுக்கொன்று வருந்தி, ஒன்றையொன்று காத்திருக்கச் சொல்லிக்கொண்டே இருக்க, நடுவில் ஒரு மனுசி தன் மகள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேட்டரி தீர்ந்துதான் அந்தப் பேச்சு முடிந்தது. முடியும் முன்னால், உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது என்று போனில் ஒரு மெசேஜும் வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் பூசாரி வெயிலுமுத்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் ஊர்ச் சாமிகள் அத்தனை பேரோடும் பேச்சு வழக்கம் உள்ளவர். உலகம்மாளைக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார், வாய் இவளது, வாக்கு இவளது இல்லை என்றார். வாய் ஒருத்தருடையது, வாக்கு வேறொருத்தருடையது என்றால் அதற்குக் கடம்பன்குளத்தில் ஒரே பேர்தான் உண்டு, ஆகையால் அது சாமி என்று முடிவாயிற்று. எந்தச் சாமி என்பதில் கொஞ்சம் இழுபறி. சுடலைமாடன் என்றால் சுருட்டுக் கேட்கும், கருப்பசாமி என்றால் கெட்ட வார்த்தை பேசும், இது இவ்வளவு சுத்தமான தமிழில் தயவுசெய்து என்கிறதே. மெட்ராஸ் பக்கமிருந்து வந்த ஏதோ படித்த அம்மன் என்றார் வெயிலுமுத்து, ஊர் ஒத்துக்கொண்டது.

குறி கேட்க ஜனம் வந்தது. ஆடு காணவில்லை தாயே என்று வந்தான் ஒருவன். உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்று சொல்லி, ஒரு நீளமான நம்பரையும் சொன்னது வாய். ஜனம் அசந்துபோயிற்று. இத்தனை காலம் எத்தனை சாமி எத்தனை குறி சொல்லியிருக்கும், எந்தச் சாமியாவது நம்பர் கொடுத்திருக்கிறதா? ஆடு தொலைத்தவன் நம்பரைத் தன் வீட்டுச் சுவரில் கரியால் எழுதி, குங்குமம் வைத்தான். ஆடு வந்தவர்கள் சாமி வாக்கு பலித்தது என்றார்கள், வராதவர்கள் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளை வரம் கேட்டவளுக்கும், பட்டா கேட்டவனுக்கும், முட்டுவலிக்காரனுக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது, பெற்றுக்கொண்டவர்கள் எல்லாருக்கும் அது தனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டால் அவள் வாயிலிருந்து வீணைச் சத்தம் வரும், காத்திருக்கிறவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள், கைக்குழந்தைகள் உறங்கிப்போகும். தண்ணீர்த் தொட்டி மோட்டார் திரும்பவும் கெட்டது. முன்பென்றால் உலகம்மாள் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய் நின்றிருப்பாள், இப்போது ஜனம் அவளிடமே வந்து தண்ணீர் கேட்டது, நம்பரை வாங்கிக்கொண்டு போய்க் காய்ந்த குழாய்க்குக் கீழே குடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தது. உலகம்மாள் அந்தக் குடங்களைப் பார்த்தாள். இவ்வளவு மடச்சனத்துக்காகவா இத்தனை வருசம் தொண்டையைக் கிழித்தோம் என்று நினைத்தாள், நினைத்தது வயிற்றுக்குள் போய் மற்றதோடு சேர்ந்துகொண்டது.

இதையெல்லாம் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் முப்பிடாதி. அவளுக்குப் படிப்புக் கிடையாது, அறிவுக்குக் குறைச்சலில்லை. நேரே தம்பியிடம் போய், வருகிற வெள்ளிக்கிழமை செண்பகத்துக்குப் பரிசம் போடுகிறோம் என்றாள்.

“அக்கா சொன்னாச் சரிதான்” என்றான் சப்பாணிமுத்து.

கடம்பன்குளத்தில் பரிசத் தட்டுச் சும்மா கைமாறாது. சபை கூடி, பெற்ற தாயிடம் மூன்று தடவை சம்மதம் கேட்க வேண்டும், தகப்பன் தட்டை வாங்குவது அதற்கப்புறம்தான். தாய் ஒருதடவை மாட்டேன் என்றால் வந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போகவேண்டியதுதான், அதை மீறிப் பெண் எடுத்தவன் வீட்டில் விளக்கு நிற்காது என்பது நம்பிக்கை. இத்தனை நாள் முப்பிடாதி தட்டோடு வராததற்கு அந்த வாய்தான் காரணம். இப்போது அந்த வாயில் உட்கார்ந்திருப்பதோ, யாருக்கும் எதற்கும் இல்லை என்று சொல்லியே அறியாத சாமி.

செண்பகத்துக்கு இது விளங்கியது. தாயின் முன்னால் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை அந்தக் குரலை மட்டும் வெளியே விட்டுவிடாதே அம்மா, பல்லைக் கடித்துக்கொள், வாயைக் கட்டிக்கொள், அதுமட்டும் சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் உறுமுகிற அந்தப் போனைத் தலைமாட்டிலேயே வைத்து நான் படுக்கணும், ஆயுசு முழுக்க, என்றாள். உலகம்மாள் மகளின் இரண்டு கையையும் எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே அடுக்கி வைத்திருந்த வசவெல்லாம் கல்மாதிரி தட்டுப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மன் கோயில் முன்னால் பந்தல் போட்டுச் சபை கூடியது. தேங்காய், பழம், வெற்றிலை, பூ, பட்டுச் சேலை எல்லாம் நிறைந்த பித்தளைத் தட்டு நடுவில் இருந்தது. பூல்பாண்டி புதுச்சட்டை போட்டு, காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செண்பகம் யாரும் கேட்கும் முன்னே எழுந்து, எனக்கு இவரை வேண்டாம் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சபையில் கொஞ்சம் சலசலப்பு. ஊர்ப் பெரியவர் சுப்புக்குட்டி, சாமியே உன் வீட்டில் குடியிருக்கு, அதுகிட்டக் கேட்டுக்கிடுதோம், நீ யாருட்டி ஊடால என்று அவளை உட்காரச் சொன்னார். எழுந்து நின்ற பெண்களின் வாய்களை எல்லாம் அப்படித்தானே உட்கார வைத்திருக்கிறார்கள்.

சுப்புக்குட்டி உலகம்மாளைப் பார்த்து முதல் தடவை கேட்டார். பெத்தவ சொல்லணும், முப்பிடாதி மகனுக்கு உன் மகளைத் தரச் சம்மதமா?

உலகம்மாள் பல்லைக் கடித்தாள், முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்தாள். குரல் மூக்கு வழியாக, துணி வழியாக, தடையே இல்லாமல் வந்தது: உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டுள்ளது. முப்பிடாதி முகம் மலர்ந்தது. முந்தானையைக் கடித்த சாமியைப் பார்த்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாம் தடவை கேட்டார். உலகம்மாள் தலையை ஆட்டினாள், இல்லை இல்லை என்று பக்கவாட்டில் ஆட்டினாள், கொண்டை அவிழ்ந்து மயிர் பறக்க ஆட்டினாள். எந்த ஊரிலும் அதற்கு மாட்டேன் என்று அர்த்தம். கடம்பன்குளத்தில், அதுவும் கோயில் முன்னால், மயிரை அவிழ்த்துப் போட்டுத் தலையைச் சுழற்றுகிறவளுக்கு ஒரே அர்த்தம்தான். பெண்கள் குலவையிட்டார்கள். மேளக்காரன் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தான். வெயிலுமுத்து ஓடிவந்து அவள் நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசி, நீளமான வேப்பங்குழை ஒன்றை ஒடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, குப்புற விழுந்து கும்பிட்டார். உங்கள் கோரிக்கை செயல்பாட்டில் உள்ளது என்றது வாய்.

உலகம்மாள் நின்றுவிட்டாள். இல்லை என்று வாயால் சொன்னால் நன்றியாகிறது, தலையால் சொன்னால் அருளாகிறது, இந்தச் சனத்திடம் இல்லை என்று சொல்ல இன்னும் எந்த உறுப்பு மிச்சம் என்று ஒரு கணம் திகைத்தாள். சுற்றிப் பார்த்தாள். அத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுப்புக்குட்டி கும்பிட்டபடி, முப்பிடாதி கும்பிட்டபடி, சப்பாணிமுத்து கும்பிட்டபடி, காதில் கருவி மாட்டியவனும் ஊருக்குப் பயந்து கும்பிட்டபடி. கும்பிடுகிற கை தடுக்காது. கையில் வேப்பங்குழை பச்சையாக, முறுக்காக, கனமாக இருந்தது.

சுப்புக்குட்டி மூன்றாம் தடவை கேட்க வாயைத் திறந்தார்.

உலகம்மாள் ஆட ஆரம்பித்தாள். சும்மா ஆடவில்லை, தானாக வந்த ஆட்டமும் இல்லை, அடி எடுத்து வைத்து, மேளத்துக்கு ஒத்து, இடுப்பில் கை வைத்து, வயிற்றில் கிடந்த கல் ஒவ்வொன்றும் காலுக்கு இறங்க ஆடினாள். மேளக்காரனுக்குக் குஷி பிறந்தது. ஆடிக்கொண்டே நடுப்பந்தலுக்கு வந்து, பித்தளைத் தட்டை இடது காலால் ஒரு எத்து எத்தினாள். தேங்காய் உருண்டு சுப்புக்குட்டி காலடியில் போய் நின்றது, பட்டுச் சேலை பந்தல்காலில் தொங்கியது, வெற்றிலை ஊர்முழுக்கப் பறந்தது. தாயே, என்ன குத்தம் கண்ட என்று வெயிலுமுத்து அலறினார். முப்பிடாதி எழுந்து, ஏளா உலகம்மா, இது உன் வேலைதானேளா என்று கத்தத் தொடங்கினாள், பக்கத்தில் இருந்த நாலு பெண்கள் சாமியை வையாதே என்று அவள் வாயைப் பொத்தினார்கள்.

உலகம்மாள் பூல்பாண்டி முன்னால் போய் நின்றாள். காதில் இருந்த கருவியைப் பிடுங்கி, பந்தலுக்கு வெளியே பாயசம் கொதித்த அண்டாவில் எறிந்தாள். பிறகு வேப்பங்குழையை ஓங்கினாள். பிடித்த பேயை ஓட்டும்போது சாமி எப்படி அடிக்குமோ அப்படி, தோளில், முதுகில், தொடையில், நம்பரை எடுத்த கையில், பாட்டை ஏற்றிய விரலில் அடித்தாள். நெத்திலிக்கு ஒன்று, சாளைக்கு ஒன்று, குழாயடியில் காத்துக் கிடந்த குடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒன்று. பூல்பாண்டி எழுந்து ஓடப்பார்த்தான். சாமி அடிக்கும்போது ஓடக்கூடாதுலே, குடும்பத்துக்கு ஆகாது என்று சொந்த மாமன் சப்பாணிமுத்துவே அவன் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தான். ஆயுளில் முதல் தடவையாக அக்காவைக் கேட்காமல் அவன் செய்த காரியம் அது.

வேப்பங்குழையில் இலை ஒன்றுகூட மிச்சமில்லாமல் போனபோது சபை தானாகவே முடிவுக்கு வந்திருந்தது. சாமி தட்டை எத்திவிட்டது, மாப்பிள்ளையை அடித்துவிட்டது, இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று சுப்புக்குட்டி துண்டை உதறித் தோளில் போட்டார். அடுத்த தலைமுறைக்கும் அந்த வீட்டில் பெண் கேட்கக் கூடாது என்று முப்பிடாதியிடம் கறாராகச் சொன்னார். செண்பகம் மண்ணில் கிடந்த பரிசப் பழத்தில் ஒன்றை எடுத்து, முந்தானையில் துடைத்து, உரித்துத் தின்றாள்.

பூல்பாண்டி கிழிந்த புதுச்சட்டையோடு, மேலெல்லாம் வேப்பிலையோடு, கும்பிட்ட கையை இறக்கப் பயந்து பின்பக்கமாகவே நடந்து பந்தலைவிட்டு வெளியேறினான். உலகம்மாள் மூச்சு வாங்க, வேர்வை ஒழுக, வயிறு பஞ்சுமாதிரி லேசாகி நின்றுகொண்டு அவன் போவதைப் பார்த்தாள். அவனிடம் இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, நல்ல சூடான ஒன்று, வாயைத் திறந்தாள். அந்தச் சின்னக்குட்டி குரல், தேனில் தொட்டு எடுத்த மாதிரி, பந்தல் முழுக்கக் கேட்க அவனை வழியனுப்பியது:

“எங்கள் சேவையைப் பயன்படுத்தியமைக்கு நன்றி. இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்.”